பழைய பெட்டி யாருடையது?

ஒரு வீட்டில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், அதைக் காலி செய்ய நேரும் நாளில்தான் தங்களிடம் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்பதை முழுமையாக அறிகிறார்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுபவர் தமக்களிக்கப்பட்ட குடியிருப்பைத் திருப்பி ஒப்படைத்தாக வேண்டும். தில்லி, கொல்கத்தா, நாக்பூர் போன்ற நகரங்களில் ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்களுக்கு இது நேர்கிறது. அடுத்துப் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீடு. அதில் பரண் இராது. ஆகவே பழைய வீட்டின் பரணில் உறங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன.

இறங்குபவற்றில் பாதி, பயணத்துக்கென்று வாங்கப்பட்டவை. பெயரும் போய்ச் சேரவேண்டிய ஊரும் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்ட டிரங்குப் பெட்டி. தோல்வார்கள் தைத்த காக்கி நிற ஹோல்டால். திருகுமூடி போட்ட கூஜா. நான்கடுக்கு டிபன் காரியர். மூடி பற்றவைக்கப்பட்ட கங்கைச் செம்பு. இளைய தலைமுறையினருக்கு இவற்றுள் சிலவற்றின் பயனே தெரியாது. ரயிலின் இரண்டாம் வகுப்பில் ஒரு காலத்தில் வெறும் மரப்பலகைதான் படுக்கை. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதேயின் காலத்தில்தான் அந்தப் பலகைகளுக்கு மெத்தை இடும் பணி தொடங்கியது. அதற்குமுன் நெடுந்தொலைவு செல்பவர்கள் தங்கள் படுக்கையைச் சுருட்டிக் கட்டி உடன் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதற்காக ஏற்பட்டது ஹோல்டால். கூஜாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. 'ரயில் நீர்' என்ற பெயரில் ரயில்வே தன் சொந்தத் தண்ணீர்ப் புட்டிகளை 2003ஆம் ஆண்டு விற்கத் தொடங்கியது. வேறு புட்டிகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடைமேடைகளுக்கு வந்துவிட்டன. அதற்கு முந்தைய காலத்தில், வண்டி நிற்கும் ஐந்து நிமிடங்களுக்குள் இறங்கி ஓடி, குழாயடியில் கூஜாவை நிரப்பிக்கொண்டு திரும்புவது குடும்பத் தலைவரின் வீரச் செயல்களுள் ஒன்று. வண்டி அசையத் தொடங்கிய பிறகும் அவர் ஏறவில்லையே என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவித்தவர்களுக்குக் கூஜா வெறும் பாத்திரம் அன்று.

இப்பொருள்களின் நடுவே நின்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது எல்லா வீடுகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். "இதையெல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம்" என்கிறார் ஒருவர். "இருந்துவிட்டுப் போகட்டுமே, சோறா கேட்கிறது?" என்கிறார் மற்றவர். எந்தப் பக்கத்தில் கணவர், எந்தப் பக்கத்தில் மனைவி என்பது வீட்டுக்கு வீடு மாறும். கூஜாவை எளிதாக விட்டுவிடத் துணியும் கணவர், தம்முடைய பழைய நாட்குறிப்புகள் அடங்கிய கட்டை யாரும் தொட அனுமதிக்கமாட்டார். ஆன்மிக நாட்டமுள்ள இல்லங்களில் இப்பேச்சு இன்னும் ஒரு படி மேலே போகிறது. "இத்தனை ஆண்டு சத்சங்கத்துக்குப் போயும் ஒரு தகரப் பெட்டியின் மேல் உள்ள பற்றை விடமுடியவில்லையா?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அந்த இடத்தில் அது பெட்டியைப் பற்றிய பேச்சாக இருப்பது நின்றுபோகிறது.

நினைவின் இருப்பிடம்

பற்றற்றிருப்பதைப் பற்றி நம் சாஸ்திரங்கள் கூறுவதில் ஐயத்துக்கு இடமில்லை. பதஞ்சலி முனிவர் யோகத்தின் முதல் அங்கமாகிய யமத்தில் அபரிக்கிரகத்தை, அதாவது பொருள் சேர்க்காமையை, ஐந்தாவதாக வைத்தார். அதற்கு விளக்கம் எழுதிய வியாசர், ஒரு பொருளைத் தேடுவதிலும் காப்பதிலும் இழப்பதிலும் துன்பம் இருக்கிறது என்று காட்டுகிறார். பரணைச் சுத்தம் செய்யும் எவரும் இம்மூன்றையும் ஒரே பிற்பகலில் அனுபவித்துவிடுவர்.

ஆனால் பதஞ்சலி இந்த யமத்துக்குக் கூறும் பயன் வியப்புக்குரியது. பொருள் சேர்க்காமையில் உறுதியாக நிலைத்தவனுக்குத் தன் பிறவிகள் எப்படி நிகழ்ந்தன என்ற அறிவு உண்டாகும் என்கிறார் அவர். பொருளை விட்டால் கடந்த காலமும் மறைந்துபோகும் என்று உலகம் அஞ்சுகிறது. பொருளை விட்டவனுக்கே கடந்த காலம் தெளிவாகத் தெரியும் என்கிறது யோக சாஸ்திரம். பிறவிகளைப் பற்றிய அறிவு யோகிகளுக்கு உரியது. அதை இங்கே ஆராய வேண்டியதில்லை. எனினும் பொருளும் நினைவும் ஒன்றல்ல என்ற அளவில் அச்செய்தி இல்லறத்தாருக்கும் பொருந்தும்.

இதற்கு ஒரு பெரும் பயணியின் வாழ்வே சான்று. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து தரைவழியே பாரதத்துக்கு வந்து, நாளந்தாவில் கற்று, காஞ்சிவரை பயணம் செய்த யுவான் சுவாங், ஊர் திரும்பும் வழியில் சிந்து நதியைக் கடந்தார். அவர் யானைமீது அமர்ந்து கரையேறினார். அவருடைய சுவடிகள் படகில் வந்தன. நடு ஆற்றில் எழுந்த அலையில் படகு தடுமாற, 50 சுவடிகளும் அவர் சேகரித்திருந்த அரிய மலர் விதைகளும் நீரோடு போயின. அக்கரையில் அவர் தங்கினார். இழந்த சுவடிகளுக்குப் படி எடுத்துவர ஆள் அனுப்பினார். அவை வந்தபின் மேலே நடந்தார். ஹர்ஷ மன்னர் அளித்த யானையும் பின்னர் மலைப்பாதையில் நீரில் மூழ்கி மடிந்தது. 645ஆம் ஆண்டு அவர் சீனத் தலைநகரை அடைந்தபோது எஞ்சியிருந்த 657 நூல்களை 20 குதிரைகள் சுமந்து சென்றன. மறு ஆண்டு தம் பயண நூலை நிறைவு செய்தார். எந்த ஊர் எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அங்குள்ள மண் எப்படிப்பட்டது, மக்களின் இயல்பு என்ன என்பவை அதில் உள்ளன. பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்து அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் மறைந்துபோன பௌத்தத் தலங்களைத் தேடியபோது அந்நூலையே வழிகாட்டியாகக் கொண்டார்.

யுவான் சுவாங் எல்லா இழப்பையும் ஒரே வகையாக எண்ணவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பலருக்குப் பயன்படக்கூடிய சுவடிகளுக்காகப் பயணத்தையே நிறுத்திக் காத்திருந்தார். விட வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்று பகுத்துப் பார்ப்பதும் விவேகத்தின் பணியே. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடைக்குப் போடுவது சில வேளைகளில் வைராக்கியமாக இருக்கலாம். பல வேளைகளில் அது வெறும் பொறுமையின்மை.

பென்சிலும் கழுத்தணியும்

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து நிலையாகத் தாயகம் திரும்பிய 1915ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, பதிப்பாளர் ஜி. ஏ. நடேசனின் இல்லத்தில் தங்கினார். அவ்வாண்டின் இறுதியில் பம்பாயில் நடந்த காங்கிரஸ் மாநாட்டின்போது அவர் மேசைமேல் எதையோ கவலையுடன் தேடிக்கொண்டிருந்ததைக் காகா காலேல்கர் கண்டார். தேடியது ஒரு சிறு பென்சில். காலேல்கர் தம்முடைய பென்சிலைக் கொடுக்க முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. சென்னையில் நடேசனின் சிறு மகன் அன்போடு கொண்டுவந்து கொடுத்த பென்சில் அது. அதைத் தொலைக்கத் தம்மால் இயலாது என்றார். இருவரும் சேர்ந்து தேடிக் கண்டெடுத்தபோது அதன் நீளம் இரண்டு அங்குலம்கூட இல்லை.

அபரிக்கிரகத்தை விரதமாகக் கொண்ட ஒருவர் தேய்ந்த பென்சிலுக்காக ஏன் அவ்வளவு கலங்க வேண்டும்? அப்பென்சிலுக்கு விலை கிடையாது. அதை வைத்திருப்பதால் எந்தப் பெருமையும் வந்துவிடாது. அது ஒரு குழந்தையின் அன்பு. அன்பைப் பெற்றுக்கொண்டு அதை அலட்சியமாகத் தொலைப்பதைத் துறவு என்று சொல்ல முடியாது. இந்த நோக்கில், "சோறா கேட்கிறது?" என்று கூஜாவை அணைத்துக்கொள்ளும் மூதாட்டி ஆன்மிகத்தில் பின்தங்கிவிட்டார் என்று அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க இயலாது. அவர் பிடித்துக்கொண்டிருப்பது பித்தளையையா, அல்லது ஓடும் வண்டியில் மூச்சுவாங்க ஏறிய ஒருவரையா என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அதே காந்தியடிகளின் வாழ்வில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1901ஆம் ஆண்டு அவர் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது அங்குள்ள இந்தியர்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தார்கள். அவற்றுள் கஸ்தூர்பாவுக்கென்று அளிக்கப்பட்ட, 50 கினி மதிப்புள்ள பொற்கழுத்தணி ஒன்றும் இருந்தது. பொதுத்தொண்டுக்குக் கூலி பெறலாமா என்ற கேள்வி காந்தியடிகளை அன்றிரவு உறங்க விடவில்லை. அனைத்தையும் சமூகத்தின் பணிக்கு அறக்கட்டளையாக ஒப்படைப்பது என முடிவு செய்தார். காலையில் முதலில் பிள்ளைகளிடம் பேசினார். அவர்கள் உடனே இசைந்தனர். பிறகு அவர்களையும் துணையாகக் கொண்டு மனைவியிடம் சென்றார்.

கஸ்தூர்பா எளிதில் இசையவில்லை. பிள்ளைகளுக்கு வேண்டாமென்றாலும் வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டியிருக்குமே என்றார். கழுத்தணி தமக்கு அளிக்கப்பட்டது. அதன்மேல் கணவருக்கு என்ன உரிமை என்று கேட்டார். கணவர் செய்த தொண்டுக்காக அளிக்கப்பட்டது என்று பதில் வந்தபோது, அவருடைய தொண்டு தம்முடைய தொண்டும் ஆகாதா, இரவு பகலாக அவருக்காகவும் அவர் அழைத்துவந்த விருந்தினர்களுக்காகவும் தாம் உழைத்தது தொண்டில்லையா என்று கண்ணீரோடு வினவினார். இவற்றுள் சில சொற்கள் தம்மைத் தைத்தன என்று காந்தியடிகளே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். எப்படியோ இணங்க வைத்ததாகவும் எழுதுகிறார். முடிவைக் குறித்து அவர் பின்னாளில் வருந்தவில்லை. காலப்போக்கில் கஸ்தூர்பாவும் அதன் நன்மையை உணர்ந்தார் என்றும் குறிப்பிடுகிறார்.

பொதுத்தொண்டர் பரிசு பெறலாகாது என்ற காந்தியடிகளின் கொள்கை சரியானது; இன்றைய நாளில் அதை நினைவூட்ட வேண்டிய தேவை அதிகமாகவே இருக்கிறது. ஆயினும் கஸ்தூர்பாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகக் கூற முடியாது. ஒருவர் தம்முடையதைத் துறக்கலாம். இருவருக்குப் பொதுவானதை ஒருவர் மட்டும் துறந்துவிட முடியுமா? கணவனும் மனைவியும் நாற்பது ஆண்டுகள் சேர்ந்து சென்ற பயணங்களின் நினைவு இருவருக்கும் பொது. அதன் அடையாளமான பெட்டியை ஒருவர் தமது வைராக்கியத்தின் பேரில் வெளியேற்றினால், துறக்கப்படுவது மற்றவருடைய பங்கு. பிறருடைய பற்றை வெட்டியெறிவதில் தனக்கு யாதொரு வலியும் இல்லை. வலி இல்லாத அச்செயலைத் துறவு என்று எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து.

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டுச் செல்லும் காட்சி இவ்விடத்தில் பொருந்தி வருகிறது. புறப்படுமுன் அவர் தம் உடைமைகளை மைத்ரேயிக்கும் காத்யாயனிக்கும் பிரித்தளிக்க முற்படுகிறார். செல்வத்தால் அமரத்துவம் கிட்டுமா என்று கேட்ட மைத்ரேயியைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகள் நிகழ்ந்திருக்கின்றன, தகுதியாகவே நிகழ்ந்திருக்கின்றன. காத்யாயனியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. யாக்ஞவல்கியர் அவளை இடித்துரைத்ததாகவோ, அவளுடைய பங்கையும் தானம் செய்யுமாறு வற்புறுத்தியதாகவோ உபநிடதம் கூறவில்லை. பெரிய ஞானி தாம் மட்டுமே வெளியேறினார். வீடு காத்யாயனிக்கு இருந்தது.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "என் நினைவு" என்ற ஒரு சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மூன்று அறைகளை நிரப்பி வைப்பவர்களும் உண்டு. மருமகள் நடமாட வழியில்லை. பேரனுக்குப் படிக்க மேசையில்லை. ஆனால் 1968ஆம் ஆண்டில் மைசூரில் வாங்கிய பிரம்பு நாற்காலி, கால் ஒடிந்தும், கூடத்தில் இருக்கும். அங்கே நினைவு, உடன் வாழ்பவர்களின் பங்கை விழுங்குகிறது. கஸ்தூர்பாவின் கேள்வியை அந்த மருமகளும் கேட்கலாம்.

நடைமுறையில் சில குடும்பங்கள் ஒரு நல்ல வழியைக் கைக்கொள்கின்றன. பொருளை வெளியேற்றுவதற்கு முன் அதன் கதையைச் சொல்ல நேரம் ஒதுக்குகிறார்கள். பெட்டியின் மேல் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் எதனால் அழிக்கப்பட்டு வேறு ஊர் எழுதப்பட்டது, எந்த மாற்றலின்போது யார் அழுதார், எந்தக் குளிர்காலத்தில் ஹோல்டாலின் தலைப்பக்கப் பையில் குழந்தையின் கம்பளிக் காலுறைகள் இருந்தன, இவையெல்லாம் சொல்லப்படுகின்றன. சொல்லி முடித்தபின், வைத்துக்கொள்ள விரும்பியவரே பலமுறை, "சரி, எடுத்துக்கொண்டு போகட்டும்" என்று விடுவதைக் காணலாம். கேட்பதற்கு ஒருவரும் இல்லாததால்தான் அந்தப் பொருள் இத்தனை நாள் பரணில் காத்திருந்தது போலும். இன்று பலர் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கழித்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் எவரும் திறந்து பார்க்காத பல்லாயிரம் படங்கள் கொண்ட கைப்பேசியும் ஒரு பரண்தான்.

பொருள் யாரிடம் போய்ச் சேருகிறது என்பது அடுத்த கேள்வி. கடோபநிடதத்தின் கதையே இதில்தான் தொடங்குகிறது. வாஜசிரவசர் எல்லாவற்றையும் வழங்கும் வேள்வி செய்தார். ஆனால் வழங்கியவை பால் வற்றி, கன்று ஈனும் வலுவும் இழந்த பசுக்கள். அதைக் கண்ட சிறுவன் நசிகேதனின் உள்ளத்தில் சிரத்தை புகுந்தது. தானம் என்ற பெயரில் தந்தை தமக்கு வேண்டாதவற்றைக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்பதை அச்சிறுவன் அறிந்துகொண்டான். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் நாகப்பட்டினம் கடற்கரைப் பகுதிகளுக்குப் பல திசைகளிலிருந்தும் பழைய துணிகள் வண்டி வண்டியாக வந்தன. கிழிந்தவையும், அந்த மக்கள் உடுத்தும் வழக்கமே இல்லாதவையும் அவற்றில் ஏராளம். வீடு இழந்திருந்தாலும் மானம் இழக்காத மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. துணிக்குவியல்கள் சாலையோரங்களில் கிடந்தன. தில்லியில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கூஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம் அத்துணிகளைப் பிரித்துச் சீர்செய்யும் பணியில் ஈடுபட்டது. கிராம மக்கள் கிணறு வெட்டுதல், பாதை அமைத்தல் போன்ற தங்கள் ஊர்ப்பணிகளைச் செய்ய, அவ்வுழைப்புக்கு மதிப்பாகத் துணியை வழங்குவது அந்நிறுவனத்தின் வழக்கம். வாங்குபவர் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. ஹோல்டாலின் கான்வாஸ் நல்ல நிலையில் இருந்தால் அதைத் துவைத்து, அறுந்த வாரைத் தைத்துக் கொடுப்பதற்கு அரைநாள் போதும். அந்த அரைநாளைச் செலவிட மனம் வராதபோது, கொடுப்பது கழிப்பதாகிவிடுகிறது.

கங்கைச் செம்பு

பரணிலிருந்து இறங்கியவற்றுள் இந்தச் செம்பு மட்டும் சற்று வேறுபட்டது. அதை எடைக்குப் போட ஒருவருக்கும் துணிவு வராது. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதும் தெரியாது. பூஜை அறை மூலையிலோ கண்ணாடி அலமாரியிலோ காசிக்குப் போய்வந்ததன் சான்றிதழ்போல அது நிற்கிறது.

வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அதன் நோக்கம் தெரியும். முறைப்படி காசி யாத்திரை செய்பவர்கள் இராமேசுவரத்தில் கடல்மணல் எடுத்துச் சென்று பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைப்பார்கள். அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இராமேசுவரத்தில் இறைவனுக்கு அபிஷேகம் செய்வார்கள். பாரதத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமந்து செல்லப்படும் இரண்டு பொருள்களும் கரைப்பதற்கும் ஊற்றுவதற்குமே சுமக்கப்படுகின்றன. வீட்டுக்கு வந்த செம்புக்கும் சமாராதனை செய்து, நீரைச் சுற்றத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் பகிர்வது வழக்கம். உயிர் பிரியும் வேளையில் வாயில் விடுவதற்காக ஒன்றைத் தனியே வைத்திருப்பதும் உண்டு. அதுவும் கொடுப்பதற்காக வைத்திருப்பதே.

காசிக்குச் சென்றவர்கள் கயைக்கும் செல்வார்கள். அங்கே அட்சயவடம் என்னும் ஆலமரத்தடியில் பிண்டம் இட்டபின், தமக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் இனி உண்பதில்லை என்று விட்டுவருவது நெடுங்கால வழக்கம். ஊரில் கிடைக்காத பழத்தையும் எப்போதும் பிடிக்காத பாகற்காயையும் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியசாலிகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கயையின் பண்டாக்களுக்கு நன்றாகத் தெரியும். உண்மையாகவே விட்டுவந்தவர்களின் செய்தி வேறு. அவர்கள் வீட்டுக்கு எதையும் எடுத்துவரவில்லை. பெட்டியில் வைக்க ஒன்றுமில்லை, பரணும் வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் பந்தியில் மாம்பழத் துண்டுகள் வரும்போது பாட்டியின் கை தானாகவே இலையின் குறுக்கே நீளுகிறது. அருகில் உட்கார்ந்திருக்கும் பேரன், "ஏன் பாட்டி, உனக்குப் பிடிக்காதா?" என்று கேட்கிறான். பல்கு நதியில் அணை கட்டி 2022ஆம் ஆண்டு நீர் தேக்குவதற்கு முன், நீரின்றிக் கிடந்த ஆற்றில் மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்தது, தாத்தாவின் வேட்டி நனைந்தது, திரும்பும் வண்டியில் இடமில்லாமல் டிரங்குப் பெட்டியின் மேலேயே இரவெல்லாம் உட்கார்ந்து வந்தது, எல்லாவற்றையும் அவர் சொல்லத் தொடங்குகிறார். பேரன் பாட்டியின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறான்.